சட்டத்தில் இல்லாத தாய்மாமன்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி, "என்னாடா, சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். நீயும், "ஆமாம்மா, டெல்லியில பனி ஜாஸ்தி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாய். முப்பது தாண்டிய டாக்டருக்கு அம்மாவிடம் ஒழுங்காகப் பொய் சொல்ல இன்னும் வரவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு என்று எழுதியே பழகிய கை இது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். இதை யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலை கிடையாது. படிக்கக் கூடாத ஒரே ஆள் உன் மாமன் ராசுதான். என் தம்பிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதால் அந்தப் பயமும் இல்லை.

உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்கு யாருக்குப் பணம் கொடுக்கலாம், யாருக்கு விருது கொடுக்கலாம் என்று படித்துப் பார்த்து மார்க் போடும் நிபுணர் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு, அரியலூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். கேட்ட யாருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம். எதிர்வீட்டு டீச்சர், "பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரிங்களா?" என்றாள். அதேதான், ஆனால் அங்கே பரீட்சை எழுதுகிறவர்களும் பெரிய பெரிய டாக்டர்கள் என்று சொன்னேன். அப்படியே வாயைப் பிளந்தாள். நாடு முழுக்க இருந்து எழுதி அனுப்புவார்கள், நீங்கள் ஆளுக்கொரு கட்டாகத் தனித்தனியே படித்து மார்க் போடுவீர்கள், பிறகு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்வீர்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்தக் குழுவிலேயே வயதில் சின்னவன் நீ என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது வேறு. வாழ்நாள் சேவை விருதுக்கு ஒருவர் பெயர் உன் பங்குக் காகிதக் கட்டில் வந்திருக்கிறது. "பேரச் சொல்லக் கூடாதும்மா, ரகசியம்" என்றாய். உடனேயே, "அன்னைக்கு மெட்ராஸ் கமிட்டியில தலைவரா இருந்தாரே, அவரு" என்றாய். பெயர் சொல்லாமலே சொல்லிவிட்டாய். அவரை உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உன் தங்கச்சி பூங்கொடியின் விஷயத்தைத் தள்ளிவைத்த காகிதத்தில் இருந்த அந்தக் கையெழுத்தை நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். "நான் யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதும்மா. நான் போடுற மார்க்குல அவரு பேரையே அடிச்சிரலாம்" என்றாய். அதன் பிறகுதான் உனக்குச் சளி பிடித்தது.

நீ அன்றைக்கு அந்தக் கமிட்டி அறையில் இல்லை. மதுரையில் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். பிறகும் உள்ளே என்ன நடந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை. கமிட்டி தள்ளிப்போட்டது, தங்கச்சி செத்துப்போனாள், உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மார்க் போடுவதற்கு முன்னால் மீதியையும் தெரிந்துகொள்.

பூங்கொடி பிளஸ் டூ படிக்கும்போது முகம் உப்பிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். நீ லீவுக்கு வந்து, "என்னாடி, குண்டாயிட்டே" என்று கன்னத்தைக் கிள்ளினாய். பூலாம்பாடியில் இருந்து வெங்காய மூட்டையோடு வந்த உன் மாமன், "புள்ள இப்பத்தான் நல்லாத் தெளிஞ்சிருக்கு, கண்ணு வெக்காதீங்க" என்று சந்தோஷப்பட்டான். அடுத்த மாதம் காலும் வீங்கியது. திருச்சிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொன்னார்கள். நீ ஓடி வந்து, அவரைக்கொட்டை மாதிரி படம் வரைந்து, இது என்ன செய்யும், அது என்ன செய்யும் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் பொறுமையாகச் சொன்னாய். உன் அப்பா அப்போது ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னோடத எடுத்துக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அவருடைய இரத்தம் சேரவில்லை. என்னுடையதும் சேரவில்லை, உன்னுடையதும் சேரவில்லை. நீ திண்டாடிப் போனாய். பெற்றவர்கள், கூடப் பிறந்தவன், மூன்று பேர் இருந்தும் ஒருவருடையதும் அவளுக்கு ஆகவில்லையே என்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ராசு வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக டாக்டர் முன்னால் போய் நின்று, "தாய்மாமன் நான் இருக்கேன், என்னோடதப் பாருங்க" என்றான். பார்த்தார்கள். இரத்தமும் சேர்ந்தது, மற்றதெல்லாமும் சேர்ந்தது. கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இவ்வளவு நன்றாகச் சேராது என்று அந்த டாக்டர் ஆச்சரியப்பட்டார். உன் மாமன் அதைக் கேட்டுப் பூரித்த பூரிப்பு இருக்கிறதே, அவன் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வார்டில் படுத்திருந்த பூங்கொடியிடம் போய், "காதுகுத்துக்குத் தோடு போட்டேன், வயசுக்கு வந்தப்பப் பட்டுச்சேல எடுத்தேன். இதையும் வாங்கிக்க. இதுக்கு மேல கேட்டீன்னா மாமங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றான். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தாள்.

நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். சீர் கொண்டுவந்த தாய்மாமனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பதில் சீர் செய்தாக வேண்டும். உன் தாத்தா காலம்வரை அடுத்தவர் மாட்டை மேய்த்த குடும்பம் நாம், நமக்கு மாட்டை விடப் பெரிய மரியாதை கிடையாது. அவனோ குத்தகைக்கு நிலம் எடுத்து வெங்காயம் போடுகிறவன். உடம்பைக் கிழித்துக்கொண்டு படுத்தால் ஆறு மாசத்துக்கு மண்வெட்டி பிடிக்க முடியாது. நான் கட்டியிருந்த சினைப்பசுவை ஒரு டெம்போவில் ஏற்றி, கொம்புக்கு மஞ்சள் பூசி, பூலாம்பாடிக்குக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசலில் கட்டிவிட்டு வந்தேன். ஊரே பார்த்தது. அவன் பெண்டாட்டி ஆரத்தி எடுத்தாள். இன்றைக்கும் அந்த மாட்டைக் கொடுத்தது தப்பென்று நான் நினைக்கவில்லை, நினைக்கவும் மாட்டேன்.

பிறகுதான் திருச்சியில் சொன்னார்கள், தாய்மாமன் கொடுக்க வேண்டுமென்றால் மெட்ராஸில் ஒரு கமிட்டி அனுமதிக்க வேண்டுமாம். சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பா கொடுக்கலாம், அம்மா கொடுக்கலாம், கூடப் பிறந்தவர்கள், புருஷன், பெண்டாட்டி, பெற்ற பிள்ளைகள் கொடுக்கலாம். அதில் தாய்மாமன் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தச் சட்டத்த எழுதுனவனுக்குக் காது குத்துனப்ப யாரு மடியில வெச்சுக் குத்துனாங்களாம்?" என்று கேட்டேன். அந்த ஆபீஸ் பெண் பாவம், என்ன செய்வாள், குனிந்துகொண்டாள். உன் அப்பாவைப் பூங்கொடியோடு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, நானும் ராசுவும் பெரம்பலூரில் மெட்ராஸ் பஸ் ஏறினோம். அவன் பூங்கொடியின் சடங்குக்கு நாம் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அங்கே ஒரு நீளமான வராந்தா. பெஞ்சில் நிறையப் பேர். எங்கள் பக்கத்தில் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு பணக்கார மனிதருக்குத் தம்பி முறை என்று சொல்லிக்கொண்டு கொடுக்க வந்தவன். பேச்சுக் கொடுத்தேன். தன் அண்ணன் என்று சொன்னவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவனுக்குத் தடுமாறியது. விற்க வந்தவன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதெல்லாம் அது ஊரறிந்த வியாபாரம்தானே. ஆனால் ஆள் நல்லவன். ராசுவைப் பார்த்துப் பாவப்பட்டு, "அண்ணே, உள்ள ரெண்டே ரெண்டு கேள்விதான் முக்கியம். ஏதாச்சும் வாங்குனியான்னு கேப்பாங்க, இல்லன்னு சொல்லு. இஷ்டப்பட்டுத் தர்றியான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லு. வேற எதுவும் பேசாத" என்று சொல்லிக் கொடுத்தான். உன் மாமனுக்கு முகம் மாறிவிட்டது. "வாங்குனத வாங்கலன்னு சொன்னா, அந்த மாடு எங்க வாசல்ல நிக்குமா? எங்க அக்கா மொகத்துல நான் முழிக்க வேணாமா?" என்றான். அந்த ஆள் என்னைப் பார்த்தான். நானும் என் தம்பியைப் பெருமையாகத்தான் பார்த்தேன். கட்டம்போட்ட சட்டைக்காரனை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் படித்தவர்கள் வரிசையாக. ஆளுக்கொரு தட்டில் பிஸ்கட், டீ. நடுவில் இருந்தவர்தான் தலைவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். அதை நீ நம்ப வேண்டும் கண்ணு, அதட்டவில்லை, இளக்காரமாகப் பார்க்கவில்லை. "உங்க அக்கா பொண்ணுக்கு விருப்பப்பட்டுத்தான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"விருப்பம் என்னா சார் விருப்பம்? தாய்மாமன்னா குடுத்துத்தானே ஆவணும்" என்றான் ராசு.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மா எதையோ எழுதினார். "கட்டாயப்படுத்துறாங்களா?" என்று அவரே கேட்டார். "கட்டாயந்தாம்மா. ஆரு கட்டாயப்படுத்துவா, மொறை அப்படி" என்றான். நான் குறுக்கே பேசப் போனேன், என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர், "இதுக்காக அவங்ககிட்ட ஏதாவது வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

"வாங்குனேன் சார். சினைமாடு ஒண்ணு புடிச்சாந்து கட்டுனாங்க."

"அதைத் திருப்பிக் குடுத்துட்டு வர முடியுமா?"

"சீர் மாட்டத் திருப்பி அனுப்புனா, அக்கா வூட்டு ஒறவே வேணாம்னு அர்த்தம் சார். அப்பறம் என்னா மொறையில நான் கிட்னி குடுக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே, தாய்மாமன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "எனக்கும் தாய்மாமன் இருக்கார்மா. என்னைப் படிக்க வெச்சவரே அவர்தான். ஆனா இங்க மாமான்னு சொல்லிக்கிட்டுத் தினம் வர்றாங்க. எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது, சொல்லுங்க" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். தாசில்தாரை விட்டு ஊரில் விசாரித்து, வியாபாரம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டம் என்றார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ராசு தெம்பாகத்தான் இருந்தான். "நல்ல மனுசன்க்கா, பொறுமையாக் கேட்டாரு. விசாரிச்சா ஊரே சொல்லும்" என்றான். தாசில்தார் ஆபீஸ் படியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான், போகச் சொன்னாலும் போகமாட்டான். பூங்கொடியைத் திருச்சிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக எனக்கும் உன் அப்பாவுக்கும் பஸ்ஸிலேயே பொழுது போனது. ஒரு தடவை மழைக்கு ரோடு அறுத்துக்கொண்டு போய் நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூச்சு முட்டியது. "அம்மா, உக்கார வையி, படுக்க முடியல" என்றாள். உட்கார வைத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். சாய்ந்தபடியே போய்விட்டாள். அந்த அடுத்த கூட்டம் அதுவரை நடக்கவே இல்லை.

நீ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, முகம் மட்டும் பார்த்தாய். அதற்கு முன்னால் உன் மாமன் வந்தான். தாய்மாமன் கோடி போட வேண்டுமே. கல்யாணத்துக்கு எடுப்பது மாதிரி அரக்கு நிறத்தில் பட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அதை அவள் மேல் போர்த்தும்போது அவன் கை அவன் இடுப்புப் பக்கமே போய்ப் போய் வந்தது. அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்தப் பசு பிறகு கன்று போட்டது. ஒரு சொட்டுப் பாலை அவன் வீட்டுக்குள் எடுத்துப் போக விடவில்லை, விற்கவும் விடவில்லை, எல்லாவற்றையும் கன்றுக்கே விட்டுவிட்டான். அவன் பெண்டாட்டிதான் என்னிடம் சொல்லி அழுதாள். ஊரில் கிறுக்கன் என்று பேசிக்கொண்டார்களாம்.

இதுதான் கண்ணு நடந்தது. இதில் யாரை நீ அடிக்கப் போகிறாய்? அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன் என்று பொய்யாகப் பெரியமனுஷத்தனம் காட்ட மாட்டேன். அவர்தான் என்று நீ சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கு மாலை போடுவதை டிவியில் காட்டினால் நான் டிவியை அணைத்துவிடுவேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. நிஜ மாமனையும் பொய் மாமனையும் அரை மணி நேரத்தில் அவர் எப்படிப் பிரிப்பார்? வாய் சாமர்த்தியமாகப் பேசினவன் சிரித்துக்கொண்டு போனான், உள்ளதைச் சொன்னவன் தாசில்தார் ஆபீஸ் படியில் உட்கார்ந்தான். அந்த மேசையில் தவறு இருந்தது என்றால் அதுதான் தவறு. அவர் எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தார், எத்தனை ஏழைகளை வியாபாரிகளிடமிருந்து காப்பாற்றினார் என்பதெல்லாம் உன் காகிதக் கட்டில் எழுதியிருக்கும். அதை நிறுத்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் பூங்கொடியின் அண்ணனாக இருக்கக் கூடாது. நீ பூஜ்யம் போட்டாலும் அது பூங்கொடிக்காகப் போட்டது, பெருந்தன்மையாக நூறு போட்டாலும் அவளுக்காகப் போட்டது. எழுந்துவிடு. உங்கள் குழுத் தலைவரிடம் போய், இந்தப் பெயருக்கு நான் மார்க் போட முடியாது, என் தங்கச்சி விஷயம் இவர் முன்னால் வந்தது என்று வாய்விட்டுச் சொல். நீ யாரென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது என்றாயே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தெரியட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், வேலையில் தலையிடுகிறாள் என்று கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் ஒரு சின்ன ஊர் டாக்டர் எழுதி அனுப்பியதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாய். கிட்னி மாற்றிய ஏழைகள் மாத்திரை வாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார், ஆனால் இங்கிலீஷ் சகிக்கவில்லை, என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை என்றாய். நானும் அப்போது உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அதை எடுத்து மறுபடி ஒரு தடவை படி. ஆராய்ச்சி மோசமென்றால் தள்ளிவிடு, எனக்கென்ன. ஆனால் இங்கிலீஷ் மோசம் என்பதற்காகத் தள்ளாதே. புரியாவிட்டால் கூப்பிட்டுக் கேட்க வழி இருக்கிறதா என்று பார். இப்போது பிஸ்கட் தட்டு இருக்கிற பக்கம் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

திங்கட்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூலாம்பாடிக்குப் போனேன். மறுபடியும் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று பஸ் முழுக்க அதே பேச்சு, பிரிப்பதும் சேர்ப்பதுமாக இவர்களுக்கு வேறு வேலை இல்லை. உன் மாமன் களத்தில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து நானும் அரிந்தேன். அந்த மெட்ராஸ் டாக்டருக்குப் பெரிய விருது கொடுக்கப் போகிறார்கள் போலிருக்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டேன். உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ரகசியத்தை நான் வெளியே விட்டுவிட்டேன் என்று திட்டாதே, அவனுக்கு அந்த டாக்டரின் பெயர்கூடத் தெரியாது.

"குடுக்கட்டுங்க்கா. அவரு என்னா பண்ணுவாரு, கேக்க வேண்டியதத்தான் கேட்டாரு" என்றான். கையில் இருந்த வெங்காயத்தை அரிந்து போட்டுவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, வாங்கலன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா புள்ள இருந்திருக்குமா?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டது முதல் தடவை. ஆனால் இத்தனை வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "போடா கிறுக்கா, விதி முடிஞ்சா யாரு என்னா பண்றது" என்று அதட்டினேன். தலையை ஆட்டினான். நம்பவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவன், பஸ் புறப்படும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பதில் சொல்ல உன்னால்தான் முடியும். ஒட்டவைத்த உறுப்பை உடம்பு ஏன் தள்ளிவிடுகிறது என்பதைத்தானே இத்தனை வருஷமாக நீ படிக்கிறாய். யாருக்காகப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த லீவுக்கு வரும்போது நேராகப் பூலாம்பாடிக்குப் போ. மாமா, பழைய காகிதத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், அன்றைக்கு அனுமதி கிடைத்திருந்தாலும் உங்கள் கிட்னி அவளுக்குச் சேர்ந்திருக்காது, உடம்பு தள்ளியிருக்கும், எப்படியும் அவள் இருந்திருக்க மாட்டாள் என்று சொல். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இப்படிச் சேராது என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அவன் இன்றுவரை பொத்தி வைத்திருக்கிறான். அதையும் அவனிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும். வலிக்கும். இப்போது வலிப்பதை விட அது குறைவாகத்தான் வலிக்கும். நீ சொல்வது பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் படிப்புக்கு அது அடுக்காது என்பாய். அடுக்காமல் போகட்டும்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்பவில்லை. நீ டாக்டர். நீ சொன்னால் நம்புவான்.

அம்மா